ஊதா நிறப் புத்தகம்

லூட்டன் ஆஸ்பத்திரியில்
அண்ணாவுக்கென்று ஒரு புத்தகம் தந்தார்கள்.
நான்தான் நிரப்பினேன்,
பஸ்ஸில், முழங்காலில் வைத்து.

பெயர்: குகேந்திரன். வயது நாற்பத்தொன்று.
நோவு வந்தால் எப்படித் தெரியும்?
சொல்லமாட்டார். சப்பாத்தைக் கழற்றிக்
கதவுக்கு வெளியே வைப்பார்.
ஊசி: இடது கை. முதலில் காட்டவும்.
குடிப்பது: தேத்தண்ணி, இரண்டு சீனி.

தாதி மோரின் என்னைப் பார்க்கவில்லை.
கதிரையை அவருக்கு நேரே இழுத்துப் போட்டு
ஒவ்வொரு வரியாய் வாசித்தாள்.
காத்திருந்தாள்.
எனக்குத்தான் பொறுக்கவில்லை, வாயைத் திறந்தேன்.
கையை உயர்த்தினாள்.

கனநேரம்.
பிறகு அண்ணா விரலை வைத்தார்
கடைசி வரியில்.
"கோப்பி."

பத்தொன்பது வருஷமாய்
நான் ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணி.

மோரின் பேனாவை அவரிடமே நீட்டினாள்.
அவர் வெட்டிய வெட்டில்
அடுத்த பக்கமும் கிழிந்தது.