கணக்கு நோட்டின் பின்பக்கம்

தயாளினியின் கணக்கு நோட்டில்
முன்பக்கம் பின்னங்கள்,
பின்பக்கத்தில் ஒரு நாடு.
பேர் இன்னும் வைக்கவில்லை என்றாள்.
அங்கே பெரியவர்களே கிடையாது.
பிள்ளைகள் பதினொரு பேர், ஓர் ஆடு.

ஆனையூர்ப் பள்ளிக்கூடத்துக் குழாயடியில்
சத்துணவுத் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு
ஒரு நாளைக்கு ஒரு பக்கம் வாசிப்பாள்.
கேட்க ஆள் நான் மட்டும்தான்.
கட்டணம், முட்டை போடும் நாளில்
என் முட்டையில் பாதி.

பதினொரு பேருக்கும் ஆளுக்கொரு வரம்.
ஒருத்திக்கு, விமானம் வருமுன்பே
காது ரெண்டும் சூடாகும்.
ஒருவன் தன்னை மடித்து மடித்துத்
தீப்பெட்டிக்குள் வைத்துக்கொள்வான்.
இரட்டையரில் இளையவன் அழுதால்
மூத்தவன் வாயிலிருந்துதான் சத்தம் வரும்,
அதுவும் இரண்டு தெரு தள்ளி.
ஆட்டுக்கு வரமில்லை. அது சும்மா ஆடு.

"நெருப்புக் கக்குறவன் யாருமில்லையா?"
"இல்லை."
"வாளு?"
"இல்லை. திருவலை இருக்கு."
திருவலை என்றால் தேங்காய்த் துருவி என்று
பிறகுதான் தெரிந்தது.
அதுவரைக்கும் அதை ஏதோ
சுழன்று வந்து கழுத்தறுக்கும் ஆயுதமென்று
ராத்திரியெல்லாம் படம் போட்டேன்.

எனக்கு யுத்தம் வேண்டும்.
முப்பது பக்கம் ஆகிவிட்டது, இவர்கள்
ஓடுகிறார்கள், ஒளிகிறார்கள்,
விட்டுவந்த செருப்பைத் தேடித் திரும்புகிறார்கள்.
ஒரு முழுப் பக்கம் செருப்பு.
"சண்டை எப்பத்தான் வரும்?"
"அது வந்திட்டுப் போட்டுது, சோணை.
நீ கவனிக்கேல்லை."

சரி, நானே ஒன்று கொடுக்கிறேன் என்று
கிழக்கே கை நீட்டினேன்.
அந்தா பாரு, எங்க யானைமலை.
மதுரையை மிதிக்க வந்த யானையாம்,
கல்லாப் போச்சாம்.
உன் பிள்ளைக போயி எழுப்பட்டும்.
ஒரே மிதி. எதிரி பூராம் சட்னி.

பென்சில் முனையைக் கடித்தபடி
மலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
மணி அடித்துவிட்டது.
"எழும்பினா,
அடியில இருக்கிற ஊருகள்?"

ஒத்தக்கடை. நரசிங்கம்.
என் அத்தை வீடு, அதன் தகரக் கூரை,
அத்தை மகனுக்குப் போன வாரம் வாங்கின சைக்கிள்.
நான் அதை யோசித்திருக்கவே இல்லை.
வகுப்புக்குப் போகிற வழியில்
என் காது ரெண்டும் சூடாயின.

மறுநாள் அவள் வரவில்லை.
முகாமில் அன்றைக்குத் தலையெண்ணும் நாள்.
அதிகாரி மேசை போட்டு உட்கார்ந்திருப்பார்,
அட்டையில் உள்ளவர்கள் அத்தனை பேரும்
அட்டையில் உள்ளபடியே நிற்க வேண்டும்.

அதற்கு மறுநாள்தான் வாசித்தாள்.
பதினொரு பேரும் இருட்டில் மலையடிக்கு வந்தார்கள்.
கடைக்குட்டி ஏறிப்போய்
யானையின் காதில் வாயை வைத்தாள்.
எழும்பாதே, ஆனை. அசையாதே.
காதை மட்டும் கொஞ்சம் தூக்கு.

தூக்கியது.
உள்ளே பாய் விரிக்க இடமிருந்தது.
பகல் வெயிலின் கதகதப்பு
கல்லுக்குள் இன்னும் ஆறவில்லை.
விடிந்ததும் வீரர்கள் வந்து எண்ணினார்கள்:
ஒரு மலை. ஓர் ஆடு.
திரும்பவும் எண்ணினார்கள்.
ஆடு சும்மா மேய்ந்துகொண்டிருந்தது.

"அப்புறம்?"
"நித்திரையாப் போச்சினம்."
"அதுக்கப்புறம்?"
"ஒருத்தரும் எழுப்பேல்லை."
நோட்டை மூடினாள்.
இதுக்குப் போய் எத்தனை பாதி முட்டை என்று
எனக்குக் கோபமாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஒத்தக்கடை போனேன்.
அத்தை மகனின் புது சைக்கிளில்
இருவருமாக மலையடி வரைக்கும் மிதித்தோம்.
அவன் சும்மா சும்மா பெல்லை அடித்தான்.
அடிக்காதடா என்றேன்.
ஏன்டா என்றான்.
நான் சொல்லவில்லை.