உருகாமல் போன எண்ணூறு கிராம்

ஏழாம் கேள்வி. கோடிட்ட இடம் நிரப்புக:
திண்மம் சூடானால் முதலில் ______ ஆகும்,
பிறகு ______ ஆகும்.

பதினொரு பேரும்
திரவம், வாயு என்று எழுதிப்
பேனாவை மூடிவிட்டார்கள்.
நான் மட்டும் முதல் கோட்டின்மேல்
முனையை ஊன்றியபடி
ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே, மூன்றாவது வீட்டுக் கொடியில்,
என் அண்ணன் உய்குலானின் கால்சட்டை
தொங்கவில்லை, நின்றது.
இடுப்புக்கு மேல் ஆளில்லாத ஒருவன்
லேனா ஆற்றுக்குக்
கிளம்பிவிட்டதுபோல்.

மார்ச் மாதம். பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தெட்டு.
ஜனவரியில் பள்ளியின் பழைய வெப்பமானி
பாதரசம் கல்லாகிப்போய்
முப்பத்தொன்பதோடு வாயை மூடிக்கொண்டது.
அதற்குக் கீழே எவ்வளவு என்பதைச்
சிவப்புச் சாராயம் அடைத்த குழாய்தான் சொன்னது.
இருபத்தெட்டு எங்களுக்கு வெயில் காலம்:
தொப்பியின் காதுமடலைத் தூக்கிக் கட்டலாம்.

துவைத்துப் போட்ட அன்றே
மத்ரியோனா வீட்டு மீன் தராசை
இரவல் வாங்கி வந்தேன்.
"கால்சட்டைக்குச் செதில் உண்டா?" என்றாள்.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது கிராம்.
கீழே ஒரு வாளி வைத்தேன்,
சொட்டினால் பிடிக்க.

இரண்டாம் நாள் அறுபது கிராம் குறைவு.
காற்றடித்த நான்காம் நாள்
நூற்றைம்பது.
ஆறாம் நாள் இருபது கிராம் கூடியிருந்தது!
தராசைச் சந்தேகப்பட்டேன்,
மத்ரியோனாவைக்கூடச் சந்தேகப்பட்டேன்.
பின்பாக்கெட்டில் ஒரு கைப்பிடிப் பனி;
பக்கத்து வீட்டுப் பயல் திணித்தது.

பதினொன்றாம் நாள் ஆயிரத்து நூற்று இருபது.
துணி வளைந்தது. முழங்கால் மடங்கியது.
வாளியில் ஒரு சொட்டு இல்லை.
அண்டங்காக்கையின் இறகு ஒன்று கிடந்தது, அவ்வளவுதான்.

புத்தகத்தில் துகள்களுக்கு
முகம் வரைந்திருக்கிறார்கள்:
திண்மத்தில் தோளோடு தோள் இடித்து,
திரவத்தில் ஒன்றையொன்று உரசி நகர்ந்து,
வாயுவில் யாருக்கும் யாரும் இல்லாமல்.
நடுப்படத்தை நான் கையால் மறைத்துப் பார்த்தேன்.
விளிம்பில் நிற்கும் ஒரு துகள்.
வெயில் அதன் முதுகில் தட்டுகிறது.
பிடித்த கைகளை உதறிவிட்டு
ஓடாமல், வழியாமல், ஈரமாகாமல்
நேரே கூரைக்கு மேலே.

அண்ணனும் அப்படித்தான் போனான்
என்று எழுத ஆசைதான்.
ஆனால் வைரச் சுரங்கத்து வேலைக்கு
அவன் போன காலையில்
மறந்த கையுறைக்கு ஒருமுறை,
மறக்காத ரொட்டிக்கு ஒருமுறை
பேருந்திலிருந்து இறங்கி ஓடிவந்தான்.
மூக்கு ஒழுக, கண் ஒழுக.
அவன் ஒரு படியையும் தாண்டவில்லை.
பொருளுக்குப் பொருந்துவது
ஆளுக்குப் பொருந்த வேண்டும் என்று
எந்த விதியும் இல்லை.

சரி, எண்ணூறு கிராம் எங்கே?
இல்லாமல் போக அதற்கு அனுமதி இல்லை.
இரவு குளிர் இறங்கியபின்
டார்ச் எடுத்துக்கொண்டு தேடினேன்.
மின்கம்பியில் வெள்ளை மயிர் முளைத்திருந்தது.
கட்டிப்போட்ட குதிரையின் இமையில்,
வாளியின் கைப்பிடியில்,
அந்தக் கொடியிலேயேகூட
ஊசி ஊசியாய் உறைபனி.
காற்றிலிருந்து நேரே திண்மம்,
அதே படியைத் தாண்டி, இந்த முறை இறங்குமுகமாக.
அதுதான் இது என்று
சத்தியம் செய்ய மாட்டேன்.
குதிரையின் மூச்சாகவும் இருக்கலாம், என் மூச்சாகவும்.
தண்ணீருக்கு யாரும் பெயர் தைத்து அனுப்புவதில்லை.

மணி அடிக்க ஒரு நிமிடம் இருக்கையில்
முதல் கோட்டில் எழுதினேன்:
"பெரும்பாலும் திரவம்."
ஓரத்தில், சின்ன எழுத்தில்:
"கால்சட்டையைக் கேட்கவும்."

விடைத்தாள் வெள்ளிக்கிழமை திரும்பியது.
அரை மதிப்பெண்.
பக்கத்தில் சிவப்பு மையில்
ஒரே வரி: எடைக் கணக்கு எங்கே?

எடுத்துப் போகிறேன்.
பதினொரு நாளும் பதினொரு வரி,
ஆறாம் நாளை அடிக்கவில்லை.
நோட்டில் மீன் வாடை.
கால்சட்டையிலும்தான்;
எதுவும் உருகாத இந்தக் குளிரில்
அது மட்டும் எப்படித் துணிக்குள் ஏறியது என்று
இன்னும் தெரியவில்லை.
அண்ணன் வந்தால் திட்டுவான்.