சாக்கின் எடை

அசாங்காரோ சந்தையில் பதினோரு வருடம்
தராசு பிடித்தவன் நான்.
மூட்டை ஐம்பது காட்டினால்
சாக்குக்குக் கொஞ்சம், ஈரத்துக்கு ஒரு கிலோ,
மனசாட்சி அந்தப் பக்கம் திரும்பியிருந்தால்
இன்னும் ஓர் அரை
கழித்துவிட்டுத்தான் காசை எண்ணுவேன்.

மேட்டிலிருந்து கினோவா இறங்கும், முட்டை இறங்கும்.
அதே லாரியில் நூடுல்ஸ் ஏறும்,
மஞ்சள் சோடா ஏறும், பிஸ்கட் ஏறும்.
என் வண்டி ஒருநாளும் காலியாய்த் திரும்பியதில்லை.
இதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொள்வேன்.

மார்ச் மாதம், பள்ளிக்கூட வராந்தாவில்
நர்ஸ் நிக்கோலாசா என் மகளின் விரலில் குத்தினாள்.
இர்மா அழவில்லை.
தைரியசாலி என்று நினைத்துக்கொண்டேன்.
அழுவதற்கும் தெம்பு வேண்டும் என்பது
மூன்று வயதுக்காரியின் தகப்பனுக்குத் தெரிந்திருக்கவில்லை.

கருவி பன்னிரண்டு என்றது.
"நல்ல எண்தானே?"
"மலையோட பங்கைக் கழிக்கணும்" என்றாள்.
இந்த உயரத்தில் காற்று மெலிவு;
அதை ஈடுகட்ட ரத்தம் தன்னைக் கூட்டிக் காட்டுமாம்.
மூன்று போனது. ஒன்பது நின்றது.
பதினொன்று இருக்க வேண்டிய இடத்தில்
ஒன்பது.

சாக்கின் எடை.
இந்தக் கணக்கை எனக்கு
யாரும் விளக்க வேண்டியதில்லை.

அன்று இரவு கிடங்கில் விளக்கேற்றி நின்றேன்.
ஊர் தின்றதெல்லாம் நான் ஏற்றியது.
என் வீடும் ஊரில்தான் இருந்தது.

ஆடறுக்கும் கொட்டகையில்
நாய்களுக்கு ஊற்றும் ரத்தத்தைக் கேட்டு வாங்கினேன்.
வெங்காயம், உருளைக்கிழங்கு, கொஞ்சம் புதினா.
முதல் பொரியல் கரி.
இரண்டாவதை இர்மா என் சட்டையில் துப்பினாள்.
எட்டாவதோ ஒன்பதாவதோ,
வாணலியைத் தானே இழுத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு வாயை மூடிக்கொண்டு
வியாபாரம் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான்.
முட்டை எடுக்கப் போன வாசல்களில் எல்லாம்
பத்தில் ஏழு போதும், மூன்று உள்ளே இருக்கட்டும் என்றேன்.
சாப்பாட்டோடு தேநீர் வேண்டாம், பிறகு குடியுங்கள் என்றேன்.
தேநீர் விஷயத்தில் ஒருவர் கல்லெடுத்தார்.

பல்பினா கல்லெடுக்கவில்லை.
கோழிக்கூட்டின் மேல் கைவைத்துக் கேட்டாள்:
"காசாக்கு காசாக்குன்னு வாங்கிட்டுப் போனவனும் நீதான்.
இப்ப தின்னுன்னு சொல்றவனும் நீயா?"
பதில் இல்லை.
அடுத்த செவ்வாய் வாணலியோடு போனேன்.
அதற்கடுத்த செவ்வாயும்.
பேச்சுக்கு வராதவர்கள் வாசனைக்கு வந்தார்கள்.

சோடாவை இப்போது மைத்துனன் விற்கிறான்.
நன்றாகவே போகிறது.

சுகாதார நிலையப் படிவத்தில்
தொழில் என்ற இடத்தில் என்ன எழுத என்று
நிக்கோலாசா பேனாவோடு காத்திருந்தாள்.
தராசு பிடிப்பவன் என்றேன்.
குழந்தைகளைத் தொங்கவிட்டு எடை பார்க்கிறேனே,
பொய்யில்லை.
துணித்தொட்டிலின் எடையைக் கழிக்கிறேன்.
வேறெதையும் கழிப்பதில்லை.

நேற்று பல்பினாவின் பையனுக்கு விரல் குத்தினோம்.
அலறி ஊரைக் கூட்டினான்;
எனக்கு அது போதுமாயிருந்தது.
எண்ணைச் சொன்னேன்.
அவள் சிரிக்கவில்லை.
"மலையைக் கழிச்சாச்சா?"
"கழிச்சாச்சு. பத்தரை.
இன்னும் ஓர் அரை வேணும்."

அவள் என்னைப் பார்த்தாள்,
நெடுநேரம்.
அந்த அரை எங்கே போனதென்று
எங்கள் இருவருக்கும் தெரியும்.