காதுக்குப் பின்னால்

பல்லில் நூல் கடித்துத்தான் ஒன்பது வருஷம்
வேலந்தாவளத்தில் புருவம் எடுத்தேன்.
முன்பல்லில் சின்னதாய் ஒரு வெட்டு.
வேலையில்லாத நேரம் நாக்கு
அங்கேதான் போய் உட்காரும்.

பயிற்சியில் முதல் நாளே சொல்லிவிட்டார்கள்:
நூல் வாய்க்குள் போகக் கூடாது,
கழுத்தில் கட்டு.
ஏழு பேருக்கு ஒரு பொம்மைத் தலை.
எவ்வளவு இழுத்தாலும் அதற்கு வலிக்காது,
எனக்கு அதைப் பிடிக்கவேயில்லை.

கடைக்குச் சீல் விழுந்தது சபூராவின் புகாரால்.
தம்பி நிக்காவுக்கு முந்தின நாள், ராத்திரி ஏழு மணி,
கரண்ட் வருவதும் போவதுமாய் இருந்தது.
பிளீச்சை நேரே முகத்தில் போட்டேன்.
எரியுது என்றாள்.
எரியத்தான் செய்யும் என்றேன்.
நிக்கா போட்டோ எல்லாவற்றிலும்
முக்காட்டால் தாடையை மூடிக்கொண்டு நிற்கிறாள்.

சான்றிதழ் இருந்தால் லைசென்ஸ்,
லைசென்ஸ் இருந்தால் சாவி,
என்றார்கள் பஞ்சாயத்து ஆபீசில்.
"செக்போஸ்ட்டுக்கு அந்தாண்ட கடையைப் போடு,
தமிழ்நாட்டுல எவன் கேக்கறான்?"
என்றார் வீட்டுக்காரர்.
அந்தாண்டயும் முகத்தில் தோல்தானே இருக்கிறது.

செய்முறைத் தேர்வு சித்தூரில்.
மாடலை நாமே கூட்டிப் போக வேண்டும்.
நாத்தனார் வர்றேன் என்று சொல்லி
போனை அணைத்துவிட்டாள்.
ஊரில் மற்ற எல்லோருக்கும் அன்றைக்குக் காய்ச்சல்.

முந்தின நாள் சாயங்காலம் வாசலில் சபூரா.
"உன்னைப் படிக்க அனுப்புனதே நான்தானே,
நானே வர்றேன்."
முக்காட்டை விலக்கிக் காதைத் திருப்பினாள்.
பாசிப்பயறு அளவு, ஒரே பொட்டு.
அன்று ராத்திரி மூன்று தடவை
போனைக் கையில் எடுத்தேன்,
கூப்பிடவில்லை.

கொழிஞ்சாம்பாறை தாண்டியதும்
பஸ்ஸில் தானாகவே காட்டினாள்.
சிவக்கவில்லை.

தேர்வு நடத்திய டீச்சர் மலையாளத்தில் கேட்டார்:
பரிசோதித்துப் பார்த்தாயா, எதை நம்ப?
நான் வாய் திறக்கும் முன்
சபூரா தலையைச் சாய்த்துக் காதைக் காட்டினாள்.
டீச்சரின் கண் காதில் நிற்கவில்லை,
கீழே இறங்கியது,
புளியங்கொட்டை அளவுக் கறுப்புக்கு.
"இது?"
"அது பழசு" என்றாள் சபூரா.

சான்றிதழில் என் பெயர் பூவாத்தால்.
இரண்டு எழுத்தும் இருக்கிற மொழிதான்,
ஆனாலும் ளகரத்தைத் தொலைத்துவிட்டார்கள்.
திருத்த இன்னொரு விண்ணப்பமாம்.
அப்படியே சட்டம் போட்டு மாட்டிவிட்டேன்.

மாதம் ஒரு தடவை சபூரா வருகிறாள், புருவத்துக்கு மட்டும்.
நூல் என் கழுத்தில்.
ஐம்பது ரூபாய் நீட்டி
மீதி பத்தை வாங்காமல் எழுந்திருக்க மாட்டாள்.