கட்டியின் அளவுப்படி

கொக்குவில் சந்தியில்
போட்டோக் கொப்பிக் கடைக்கு மேலே எங்கள் அறை.
கீழே மெசின் ஓடினால் மேலே மேசை அதிரும்.
நாற்பத்தொரு மணித்தியாலம் எடுத்து வைத்திருக்கிறோம்.
ஐம்பத்திரண்டு நிமிடம் கேட்கிறார்கள்.

எமில்டா குருநகர் இறங்குதுறையில் ஐஸ் விற்கிறா.
அவ்வளவுதான் படம்.
அவ்வளவுதான் என்று எழுதினால்
காசு தருகிறவர்கள் திருப்பி எழுதுகிறார்கள்:
போர் எங்கே?
அவரின் காயம் எத்தனையாவது நிமிடத்தில் வருகிறது?

கேட்டோம்தான், வெட்கத்தோடு.
"உதை விடு பிள்ளை.
கட்டிக்கு நாப்பது ரூபா கூட்டிப்போட்டாங்கள்,
அதை எடு" என்றா.

முதலில் திகதிப்படி அடுக்கினேன்.
தை, மாசி, பங்குனி.
யாரோ கடமைக்கு எழுதிய நாட்குறிப்பாய் வந்தது.
பிறகு ஆட்களின்படி:
கொப்பியில் கணக்கு வைக்கும் தங்கச்சி,
ஒவ்வொரு நாளும் கடன் சொல்லிப் போகும் றெஜினோல்ட்,
நிறுவையில் கைவைக்கும் ஏலக்காரன்.
அதுவும் சரிவரவில்லை.
மஞ்சள் தாள்களில் எழுதிச் சுவர் முழுக்க ஒட்டினேன்.
காற்றாடி மூன்றை விழுத்தியது.
விழுந்த மூன்றும் இல்லாமலே கதை நடந்தது.
திரும்ப ஒட்டவில்லை.

கமெரா பிடித்தவன் கஜீபன்.
தன்னுடைய விடியற்காலைக் கடல்தான்
முதலில் வரவேண்டும் என்றான்.
பண்ணைப் பாலம், செம்மஞ்சள் வானம், ஒரு கொக்கு.
"கடல் எல்லாரிட்டயும் இருக்கு" என்றேன்.
இரண்டு நாள் அவன் தேத்தண்ணிக்கு வரவில்லை.

ஒரு இரவு சத்தத்தை நிற்பாட்டிவிட்டு
மூன்று மடங்கு வேகத்தில் ஓடவிட்டேன்.
கண் களைத்து, எமில்டாவை விட்டு,
அவவுக்குப் பின்னால் சாக்கில் கிடக்கும் கட்டிக்குப் போனது.
ஒரு ஷொட்டில் இடுப்பளவு.
ஒன்றில் செங்கல்.
ஒன்றில் பாதி தேய்ந்த சவர்க்காரம்.
பதினான்கு மாதமும்
ஒரே கட்டிதான் கரைந்துகொண்டிருந்ததுபோல.

பெரியதிலிருந்து சிறியதற்கு அடுக்கினேன்.
பங்குனிக்குப் பக்கத்தில் மார்கழி வந்து குந்தியது.
பச்சைச் சட்டை ஒரு வெட்டில் நீலமாயிற்று.
காலில் கட்டு இருந்தது, இல்லை, மறுபடி இருந்தது.
றெஜினோல்ட் கடனைத் தீர்த்தான்,
பிறகு அந்தக் கடனைக் கேட்டான்.
கஜீபன் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்தான்.
"உடுப்பு மாறுதே."
மாறட்டும்.
"மெலிஞ்ச மனுசி திரும்பக் கொழுக்கிறாவே."
கொழுக்கட்டும்.
ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தான்.

ஐந்தாம் நாள் நேர்காணலில் ஒரு இடம் உண்டு.
"கரையிறது எனக்கு நட்டம்தான்.
கரையாட்டி நாளைக்கு ஆர் வாங்க வருவினம்?"
எல்லாரும் அதை முடிவில் வைக்கச் சொன்னார்கள்.
மூன்று தரம் வைத்தேன்.
மூன்று தரமும்
அந்த ஒரு வசனத்துக்காகவே
ஒரு மனுசியைப் பதினான்கு மாதம்
வெயிலில் நிற்கவைத்ததுபோல் ஆனது.
வெட்டிவிட்டேன்.
'மிச்சம்' என்ற கோப்புறையில் கிடக்கிறது,
கொக்குக்குப் பக்கத்தில்.

முடிவு இன்னும் அகப்படவில்லை.
இப்போதைக்குக் கடைசி ஷொட்:
வெறும் சாக்கு.
எமில்டா அதைப் பிழிகிறா, உதறுகிறா,
லென்ஸில் தண்ணீர் தெறிக்கிறது,
கஜீபன் தூசணம் சொல்கிறான், அவ சிரிக்கிறா.
தூசணத்தை எடுக்கச் சொல்வார்கள்.
எடுத்தால் ஏன் சிரிக்கிறா என்று தெரியாது.

கீழே மெசின் தொடங்கிவிட்டது.
வெட்டாமல் விட்டுப் பார்க்கிறேன்,
எத்தனை விநாடி தாங்கும் என்று.