துல்யம்

கொழிஞ்சாம்பாறை அக்ஷயா மையத்தில்
மின்விசிறிக்கு நேர் கீழே
என் பன்னிரண்டு வருஷப் படிப்பு
ஒரு தண்ணீர்ப் புட்டிக்கு அடியில் கிடந்தது,
பறந்துவிடாமல்.

கிட்வே ஏது ஸ்டேட்டு?
ஜாம்பியாங்க, என்றார் அப்பா.
சுனிதகுமாரி மறுபடி கேட்கவில்லை.
பட்டியலில் தேடினாள்.
ஜா என்று அடித்ததும் ஜார்க்கண்ட் வந்து நின்றது.

துல்யதா சர்ட்டிபிக்கட் வேணும், என்றாள்.
அப்பாவுக்கு அது துல்லியம் என்று கேட்டிருக்கிறது.
தாமிரச் சுரங்கத்தில் பதினாறு வருஷம்
குழாய் பற்றவைத்தவர்,
நூலிழை பிசகினால் எது கசியும் என்று அறிந்தவர்.
"எல்லாம் துல்லியமாத்தானுங்க இருக்குது.
வேணும்னா அளந்து பாத்துக்குங்க."
அவள் சிரித்துவிட்டாள்.
மலையாளத்தில் அது சமம்.
தமிழில் அது பிசகாமை.
இரண்டில் எது என்னிடம் இல்லை என்று
தெரிந்துகொள்ளவே நாலு மாதம் ஆயிற்று.

இல்லாதது செடி.

என் சான்றிதழில் உயிரியல் என்று இல்லை,
மனித உயிரியல் என்று இருந்தது.
ஒரு வார்த்தை கூடுதல்,
அதனால் பாதிப் பாடம் குறைவு.
தில்லிக் கடிதம் மிக மரியாதையாகக் கேட்டது:
இதில் தாவரம் எங்கே?

எங்கள் பள்ளி வாசலில் ஜகரண்டா
அக்டோபர் முழுக்க உதிர்க்கும்.
அந்த ஊதாவைக் கூட்டி அள்ளவே
முதல் பீரியட் போய்விடும்.
அதை எந்தக் கட்டத்தில் நிரப்ப?

முவான்சா டீச்சர்
கசாப்புக் கடையிலிருந்து ஆட்டு இதயம் கொண்டுவருவார்,
செய்தித்தாளில் சுற்றி.
கரண்டு இல்லாத நாட்களில்
ஜன்னல் திட்டில் வைத்து அறுப்போம்.
நாலு அறை.
நாலிலும் சுண்டுவிரல் விட்டுப் பார்த்திருக்கிறேன்.
வால்வு நனைந்த காகிதம் மாதிரி.
அதற்கும் கணக்கு வேண்டுமாம்,
செய்முறை எத்தனை மணி நேரம் என்று,
தலைப்புத்தாளில், முத்திரையோடு.
டீச்சர் எழுதி அனுப்பினார்: நூற்றுப் பன்னிரண்டு.
கீழே பேனாவால் ஒரு வரி:
இவளுக்குக் கை நடுங்காது.
அதை ஸ்கேனர் வெட்டிவிட்டது.

ஆக, உயிரியல் மட்டும் தனியாக,
திறந்தநிலைப் பள்ளியில்.
பத்தொன்பது வயதில் இலை படிக்கிறேன்
வேலந்தாவளம் சந்தையில்,
அபுதாகிர் ராவுத்தர் மண்டியில்,
அப்பா எடைச்சீட்டு எழுதும் மேசையின்
இந்தப் பக்கம்.
காய் ஏறி வந்த லாரியின் முன்சக்கரம் கேரளத்தில்,
பின்சக்கரம் தமிழ்நாட்டில்.
அதற்கு யாரும் சான்று கேட்பதில்லை.

தக்காளி ஒரு பெர்ரி என்று ராவுத்தரிடம் சொன்னேன்.
"அப்டின்னா கிலோவுக்கு அஞ்சு ரூவா
சேத்திச் சொல்லலாமா பாப்பா?"
பூசணியில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு.
இலைத்துளைகள் பகலில் திறக்கும்,
ராத்திரி மூடும்.
நம் செக்போஸ்ட் நேர்மாறு என்று
ஓரத்தில் எழுதி
அடித்தேன்.

நேற்று முற்றல் வெண்டைக்காய் ஒன்று,
கழித்துப் போட்டது,
அப்பாவின் பேனாக்கத்தியால் குறுக்கே அறுத்தேன்.
ஐந்து அறை.
விதைகள் நடுத்தூணைப் பற்றிக்கொண்டு
வரிசையாக.
சுண்டுவிரல் போகாது.
ஆனால் விரலில் ஒட்டிய வழவழப்பு
அதேதான்,
அந்த ஜன்னல் திட்டினுடையது.
கொஞ்ச நேரம் கழுவாமல் உட்கார்ந்திருந்தேன்.

"என்ன கண்ணு?"
இதயத்தை விட இதில் ஓர் அறை அதிகம்ப்பா.
அப்பா பேனாவை மூடி
நிஜமாகவே யோசித்தார்.
"அப்ப அந்த ஒண்ணைக்
கழிச்சுட்டு வரச் சொல்லுவாங்க."

தராசில் அடுத்த மூட்டை ஏறியது.
கடைசித் தேதிக்கு
இன்னும் பதினோரு நாள்.