ஆடு உதைத்த இடம்

ஆடு உதைத்தது என்றாள்.
எதுவிஹிஸ் மன்சீயா, முப்பத்தொன்பது வயது,
ரோமம் கத்தரிக்கும் பருவத்தில்
நாளைக்கு நூற்றைம்பது ஆடுகளை
முழங்கால்களுக்கிடையில் அடக்குகிறவள்.
ஒன்று திமிறியது. அவ்வளவுதான்.

நவம்பரில் விழுந்த ரத்தக்கட்டு
பச்சையாகி மஞ்சளாகி மறைந்திருக்க வேண்டும்.
மார்ச்சிலும் ஊதாவாகவே இருந்தது.

மேமோகிராம் எடுத்தேன்.
தட்டு இறங்கி அழுத்தியபோது
இதைவிட மோசமா நான் ஆட்டை நெருக்குவேன் என்றாள்.
படத்தில் ஒன்றுமில்லை.
அடர்ந்த திசு, பனி மூடிய மேய்ச்சல் வெளி.
வெள்ளையில் வெள்ளை ஆட்டை யார் எண்ணுவது?

அல்ட்ராசவுண்டிலும்
கட்டி என்று கைவைக்க ஒரு விளிம்பு இல்லை.
டாக்டர் யெர்கோ தாடையைச் சொறிந்தார்.
அடிபட்ட இடம் என்று எழுதி அனுப்பியிருக்கலாம்.
எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது:
வெள்ளிக்கிழமை, மணி ஐந்து,
புந்தா அரேனாஸில் ஆளைத் தூக்கும் காற்று,
தெருமுனையில் பிடித்து நடக்கக்
கயிறு கட்டியிருந்தார்கள்.

அவர் எழுதவில்லை.

செவ்வாயன்று எம்ஆர்ஐ.
குப்புறப் படுக்கவைத்தேன்,
இரண்டு குழிகளில் இரண்டு மார்பு,
கையில் ஊசி, காதில் அடைப்பான்.
கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து மைக்கில்
அசையாதீங்க என்றேன்.
அசையவில்லை.
எத்தனை ஆடுகளுக்கு அதைப் பழக்கியவள்.

மருந்து ஏறியது.
முதல் நிமிடத்திலேயே
ஊதாத் தோலுக்கு அடியில்
யாரோ வீடு முழுக்க விளக்குப் போட்டதுபோல்.
நல்ல திசு மெல்ல வாங்கி மெல்ல விடும்.
இது ஒரே மடக்கில் குடித்து
உடனே துப்பியது.

ரத்தக்குழாயின் சுவரே புற்றாகும் ஒரு வகை உண்டு.
பதினேழு வருடத்தில்
புத்தகத்தில் மட்டும் பார்த்தது.
பெயர் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன்.
சதை எடுத்துப் பார்த்துச் சொல்வது
வேறொருவர் வேலை.
டாக்டர் என் தோளுக்குப் பின்னால் நின்று
அந்த நிமிடத்தை மறுபடி ஓட்டச் சொன்னார்.
மறுபடி.

வெளியே வந்தபோது அவள் கன்னத்தில்
மெத்தையின் தையல் பதிந்திருந்தது.
ஆடுதானே? என்றாள்.

அந்த ஆடு இப்போ எங்கே என்று கேட்டுவைத்தேன்,
வேறென்ன கேட்பது.

கிறிஸ்துமஸுக்கே அறுத்தாச்சு,
சிரித்தாள்,
சட்டைப் பொத்தானை ஒன்று தவறி மாட்டியபடி.
ருசியாத்தான் இருந்தது, பாவம்.

நான் திருத்தவில்லை, பொத்தானையும்.

ஜன்னலில் பார்த்தேன்:
வலது கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு
இடது கையை விலாவோடு ஒட்டி வைத்து
காற்றுக்குள் தலையைக் குனிந்து
முட்டப் போகிறவள்போல் நடந்தாள்.